பெட்டிக்குள் நல்ல தண்ணீர்

பண்ணைக் குளத்தில் அப்போதுதான் பிடித்த கட்லா மீன் பெட்டிக்குள் வாயைப் பிளந்து கிடந்தது. மேலே ஐஸைக் கொட்டினார்கள். உருகிய சொட்டு ஒன்று செவுளில் இறங்கியதும் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. குளத்துக்கு வந்த நாள் முதல் சாயம் நாறாத தண்ணீரை அது கண்டதே இல்லை.

“நீ எந்த ஊர்த் தண்ணி?”

“வடிகட்டின தண்ணியாக்கும்! அழுக்குத் தண்ணி ஐஸ் போட்டா மீன் கெட்டுடும்னு பண்ணை முதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டார்,” என்றது ஐஸ், பெருமையாக.

கட்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சாயப்பட்டறைக் கழிவு வாய்க்கால் வழியாக் குளத்துல கலந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, வளராமக் கிடந்தேன். அந்த வாய்க்காலை அடைக்க ஒரு நாதி இல்ல. சாகும்போது மட்டும் நான் கெட்டுப்போகக் கூடாதாமா?”

“கொதிக்காதேப்பா, நான் உருகிடுவேன்!”

“உருகித் தொலை! உசிரு போறதுக்குள்ள இன்னும் ரெண்டு வாய் நல்ல தண்ணி குடிச்சுக்கிறேன்.”