நிறமி பிடிக்கும் நேரம்

மணிச் சத்தம் அடுத்த அறைக்கு வந்துவிட்டது.

அவளுடைய இரண்டு கைகளுக்கும் வேலை இருந்தது. வலது கை நீல நிறமியைச் சொட்டுச் சொட்டாக விட்டது. இடது கை கண்ணாடிக் குழாயை மெல்லச் சுழற்றியது. நிறுத்தினால் நிறமி திரண்டு அடியில் தங்கிவிடும்.

இருட்டறை. மங்கலாக ஒரு பச்சை விளக்கு மட்டும்.

வெளிச்சத்தை உண்டு வாழும் பாக்டீரியாவின் நிறமி அது. ஆனால் குழாயில் உள்ள புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை வெளிச்சம்தான் அதற்கு எமன். பட்டால் வெளுத்துவிடும். பிடித்துவிட்டால் பயமில்லை.

பிடிக்குமா?

புரதச் சங்கிலியில் நிறமி வந்து ஒட்டுகிற கண்ணியையே அவள் மாற்றியிருந்தாள். ஒட்டவே ஒட்டாது என்று பேராசிரியர் அடித்துச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் துறையில் மறுபேச்சு கிடையாது. குழாயில் இருப்பது கடைசிப் புரதம். இது போனால் அவளுடைய ஆய்வும் போயிற்று. ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இன்று ஆயுத பூஜை. ஆய்வகத்தில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள், தொந்தரவு இருக்காது என்று நம்பித்தான் இன்றைக்கு வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு அறையிலும் மெஷினுக்குக் கற்பூரம் காட்டுவார்கள் என்பது எப்படித்தான் மறந்ததோ!

கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியே, திறக்கக் கூடாது என்று ஒரு பலகை உண்டு. காலையில் ஆய்வக உதவியாளர் பவுனக்கா அதே ஆணியில்தான் பெரிய சாமந்தி மாலையைத் தொங்கவிட்டார். பலகை பூவுக்குள் போய்விட்டது.

கடைசிச் சொட்டு விழுந்தது.

இனி அது ஒட்டும்வரை சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

"வராதீங்கக்கா!"

மணி அதை விழுங்கிவிட்டது.

கதவு திறந்தது. முன்னால் கற்பூரத் தட்டு. பின்னால் நடுப்பகல் வெயில், நேராக அவள் கைமேல்.

அவள் சுழற்றுவதை விடவில்லை.

"மெஷினுக்கு மட்டும் காட்டிட்டுப் போயிடறேன் பாப்பா."

பவுனக்கா சாவகாசமாகத் தட்டைச் சுற்றினார். மெஷினுக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தப்பு செய்தோம் என்று புரியாமலே பதறி, கதவை இழுத்துச் சாத்தப் போனார்.

அவள் குழாயை வெயிலுக்கு நேராகத் தூக்கினாள்.

அதே நீலம்.

இன்னும் அதே நீலம்.

"சாத்தாதீங்கக்கா," என்றாள். "நல்லாத் தொறந்து வைங்க."