மூன்று பக்க ஆட்சேபணை

"நல்லா இருப்பீங்களா மாமா நீங்க?"

மதிலுக்கு மேலே தலையை நீட்டித் தையல்காரம்மா போட்ட சத்தத்தில், தெருவில் போன ரெண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த மனு மாமா, கையிலிருந்த பேப்பரைக்கூடத் தாழ்த்தவில்லை.

முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. வேலை ஓய்ந்தும் கை ஓயவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு மனு. பகலிலும் எரிந்தால் இன்னொரு மனு. 'மனு மாமா' என்பது தெருவே சேர்ந்து வைத்த பேர்.

இந்தத் தடவை அவர் மனு போட்டது இவள் வீட்டின் மேல்.

விஷயம் இதுதான். இவள் வீட்டுக்காரர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது. படுக்கை, கக்கூஸ் எல்லாம் மாடியில். ஒரு ஆம்பளையைத் தாங்கிக்கொண்டு தினமும் எத்தனை தடவை படி ஏறி இறங்குவாள்? வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த சந்தில் கீழேயே ஒரு ரூமும் கழிவறையும் கட்டிவிட்டாள்.

"நாலு சுவருக்கெல்லாம் எவன்மா அனுமதி கேக்கப் போறான்?" என்றார் கொத்தனார்.

கேட்டார்கள். கவுன்சில் ஆள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். அனுமதி வாங்கவில்லை. மதிலுக்கும் சுவருக்கும் நடுவில் மூணு அடி விடவேண்டும், ஒரு அடிதான் இருக்கிறது. பதினைந்து நாளில் நீங்களே இடிக்கவேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் இடிப்போம்.

தப்பு இவள் மேல்தான். மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை.

பதினாலாவது நாள், அவகாசம் கேட்டு கவுன்சில் ஆபீசுக்குப் போனாள். அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"உங்க பக்கத்து வீட்டுக்காரர் வேற ஆட்சேபணை கொடுத்திருக்காரேம்மா. மூணு பக்கம்."

வெளிச்சம் வரவில்லையாம். காற்று வரவில்லையாம். தையல் மிஷின் சத்தத்தில் காது அடைக்கிறதாம். அதிகாரி மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவளுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? எழுந்து வந்துவிட்டாள். நேரே மதிலுக்குத்தான் வந்தாள்.

மறுநாள் காலையிலேயே கவுன்சில் வண்டி வந்தது. புது ரூம் வாசலில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"உள்ள அவர் படுத்திருக்கார். என்னைத் தாண்டிப் போய் இடிங்க, பாக்கலாம்!"

வந்த ரெண்டு பேரும் கடப்பாரை எடுக்கவில்லை. டேப் பிடித்து அளந்தார்கள். மனு மாமா வீட்டு ஜன்னலைப் போட்டோ எடுத்தார்கள். இவளுக்கு அதற்குமேல் அடங்கவில்லை.

"யோவ் மனு! முடியாத மனுஷன் கீழ படுக்கிறது உன் கண்ணை உறுத்துதா? உனக்குப் புள்ளைகுட்டி இல்லாததே நல்லதாப் போச்சு. இருந்தா அதுங்க மேலயும் மனு போட்டிருப்பே!"

டேப் பிடித்தவர் மாமாவிடம் மெதுவாகக் கேட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை உண்டா சார்?"

"கேட்டுட்டுதானே இருக்கீங்க?" என்றார் மாமா.

எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒரு மாதம் ஆயிற்று. இடிக்க யாரும் வரவில்லை.

"சோம்பேறிப் பசங்க. அதுவும் நமக்கு நல்லதுதான்," என்றார் வீட்டுக்காரர், கட்டிலில் புரண்டபடி. "இதுக்குள்ள யாரையாவது பிடிச்சு பிளான் வரைஞ்சு, அனுமதிக்கு எழுதிப் போட்டுடேன்."

போட்டாள். அடுத்த மாதம் ரெண்டு வீட்டுக்கும் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

விசாரணை அறையில் நாலு நாற்காலி, ஒரு மேஜை, அவ்வளவுதான். மாமாவைப் பார்க்காமல் இருப்பதற்காக இவள் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இடைவெளி குறைச்சல். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிச்சா மட்டும்தான் நாங்க அனுமதி தர முடியும்," என்று அதிகாரி மாமா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா கவனிச்சேன். வெளிச்சம் வருது. காத்தும் வருது. மிஷின் சத்தம் பழகிப்போச்சு. ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கிறேன். சம்மதம்னு எங்க கையெழுத்துப் போடணும்?"

கண்ணைத் திறந்தாள். மாமா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எப்படி மனசு மாறினீங்க?"

"எங்க மாறினேன்? அன்னிக்கும் இதே மனசுதான்."

"அப்புறம் எதுக்கு அந்த மனு?"

"பக்கத்து வீட்டுக்காரன் ஆட்சேபணை கொடுத்துட்டா, ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கிற வரைக்கும் கவுன்சில் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது. சட்டம் அப்படி. உன் பதினைஞ்சு நாளை ரெண்டு மாசமா இழுக்க எனக்கு வேற வழி தெரியலம்மா."

இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேனே!"

"சொல்லியிருந்தா அவங்க முன்னாடி அப்படித் திட்டியிருப்பியா? ரெண்டும் கூட்டுன்னு மனுவை அங்கேயே கிழிச்சுப் போட்டிருப்பாங்க," என்று மாமா படி இறங்கினார். "நான் எழுதினது வெறும் காகிதம்மா. அதை அவங்க நம்பினதே உன் வாயாலதான்!"