ஃபுஸ்கோ அண்ட் சன்ஸ்

“வண்டி குதிரை மாதிரி ஓடுது! உன் அண்ணனுங்களுக்குக் கைராசிம்மா” என்றார் ரொட்டிக்கடை பஸ்குவாலே.

“சொல்லிடறேன் மாமா.” அசுந்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கார் ஷெட் வாசலில் ‘ஃபுஸ்கோ அண்ட் சன்ஸ்’ பலகை தொங்கியது. சிசிலியிலிருந்து வெறுங்கையோடு பாஸ்டனில் வந்திறங்கிய அப்பா எழுதி மாட்டியது. அதில் தன் பெயரும் ஏற வேண்டும் என்று அவள் கேட்காத நாளில்லை.

“பொட்டப்புள்ள பேரைப் பார்த்தா நம்மாளுங்க எவனும் வண்டியை விடமாட்டான்டி” என்பார் அப்பா.

அன்று அவர் ஷெட்டையே விலை பேசிக்கொண்டிருந்தார். அசுந்தா பதறிப்போய் உள்ளே ஓடினாள்.

“விக்காதீங்கப்பா! நான் நடத்தறேன்.”

“நீ கட்டிக்கிட்டுப் போறவ. போய்க் காப்பி போடு.”

வாங்க வந்தவர் தயங்கினார். “பின்னாடி உங்க பசங்க சண்டைக்கு வரமாட்டாங்களே?”

“எனக்கு ஏதுய்யா பசங்க? பொறப்பாங்கன்னு நம்பிப் பலகை எழுதினேன். பொறந்தது இவ ஒருத்திதான். எனக்கப்புறம் பார்க்க ஆளில்லையேன்னுதானே விக்கிறேன்!”

“அப்ப இத்தனை வருஷமா ரிப்பேர் பார்த்தது யாரு?”

காப்பியை நீட்டிய அசுந்தாவின் நகக்கண்ணெல்லாம் கிரீஸ். வந்தவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

“பொண்ணே ரிப்பேர் பார்க்கட்டும். பலகை மட்டும் அப்படியே இருக்கட்டும்” என்றார்.