அன்றைய அடையாளச் சொல்

ராணுவச் சட்டையின் முன்பக்கத்தில் சில துளைகள். முனிராவின் சுண்டுவிரல்கூட அவற்றில் நுழையவில்லை. பின்பக்கத்தில் கை முழுவதும் நுழைகிற மாதிரி ஒரே கிழிசல்.

குண்டு அப்படித்தான். சின்னதாக நுழையும், உள்ளே எலும்பில் முட்டிப் புரண்டு, வெளியேறும்போது சதையை வாரிக்கொண்டு போகும். ஆக, அவள் கணவன் ஹம்தியா நெஞ்சில்தான் சுடப்பட்டிருக்கிறான். அதில்தான் சிக்கல்.

அன்று காலை அவன் எதிரிக்கு முதுகைக் காட்டி, மலைமேல் இருந்த தன் படையிடம் திரும்பிக்கொண்டிருந்தான் என்றால், குண்டு முதுகில் அல்லவா நுழைந்திருக்க வேண்டும்? அவன் மேலே ஏறவில்லை, சரணடையக் கீழே இறங்கிவிட்டான் என்றது ஊர். போஸ்னியப் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் நினைவுக்கல்லில் அவன் பெயர் இல்லை. விடுபட்ட பெயர்களைச் செதுக்க நாளை ஆள் வருகிறான்.

அதனால்தான் இந்த நினைவுநாளில் முனிரா சமையலறையில் ஒதுங்கவில்லை. ஹல்வாவையும் காபியையும் வைத்துவிட்டு, கணவனின் தோழர்கள் இருவருக்கும் எதிரே சட்டையோடு உட்கார்ந்தாள்.

ஒற்றைக்கால் ரிஃபெத் முதலில் பேசினான். அவனும் ஹம்தியாவும் பள்ளத்தாக்கில் எதிரியின் பதுங்குகுழிக்குள் குதித்தார்கள். துப்பாக்கியைத் திருப்ப இடமில்லாமல் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டார்கள். ஒருவன் கழுத்தில் சிக்கிய மண்வெட்டியை, ஹம்தியா அவன் தோளில் மிதித்துப் பிடுங்கினான்.

திரும்பும்போது ஷெல் விழுந்தது. "என் கால் பூட்ஸோட எனக்கு எதிர்லயே கெடந்துது அண்ணி. அவர்தான் பெல்ட்டால இறுக்கிக் கட்டி, என்னை ஓடைப் பள்ளத்துல இழுத்துப் போட்டார். ஸ்ட்ரெச்சர் கொண்டாறேன்னு போனார். மூடுபனியில எந்தப் பக்கம் போனார்னு தெரியல."

சற்று நேரத்தில் இயந்திரத் துப்பாக்கி முழங்கியது. உடனே ஷெல் மழை. ரிஃபெத் ஓடையோரமாக ஊர்ந்து தப்பினான். மதியத்துக்குள் மலை எதிரி வசமானது. இரு பக்கமும் உடல்களை மாற்றிக்கொண்ட நாளில்தான் ஹம்தியா வீடு வந்து சேர்ந்தான்.

முனிராவின் முகத்தைப் பார்த்து ரிஃபெத் பேச்சை மாற்றினான். "படையில சிலரைப் பேர் சொல்லியே கூப்பிட மாட்டார். முயோவைக் கரடின்னார். தளபதி மெஹ்மெத்தையே கிழவன்னார்."

"எனக்கு ஒரு பட்டப்பேரும் வெக்கல," என்றான் சுல்ஃபோ. அவன்தான் அன்று மலைமேல் இயந்திரத் துப்பாக்கியில் இருந்தவன்.

"உன் மூஞ்சிக்கு எந்த மிருகமும் ஒத்துக்கலியாம்."

சுல்ஃபோ சிரித்துவிட்டு முனிராவின் பக்கம் திரும்பினான். "ஊர் பேசறதை விடு முனிரா. அவன் ரத்தத்துக்கு நான் அன்னிக்கே பழி வாங்கிட்டேன். அவனைக் கொன்ன கூட்டத்துல ஒருத்தன் என் கையாலயே போனான்."

இதை அவன் அவள் முன்னால் சொல்வது இதுதான் முதல் தடவை.

அந்தப் போரில் இரண்டு பக்கமும் பேசியது ஒரே மொழி. பனியில் முகமும் தெரியாது, உடையும் தெரியாது. தினமும் ஒரு புதுச் சொல் பதுங்குகுழிகளில் காதோடு காதாகப் போகும். கேட்டதும் சொன்னவன் நம்மவன். சொல்லாதவன் எதிரி.

"தலைக்கவசம் இல்ல. மூஞ்சியெல்லாம் சேறும் ரத்தமும். நேரா என் துப்பாக்கியைப் பார்த்து ஏறி வந்தான். நில்லு, சொல்லைச் சொல்லுன்னேன். நின்னான். வாயை இறுக்கி மூடிக்கிட்டு முறைச்சான். திமிர். கை தொடைக்குப் போச்சு. கையெறிகுண்டை எடுக்கறான்னு அழுத்திட்டேன். நெஞ்சுலயே வாங்கிட்டுச் சரிஞ்சான்."

துளையின் மேல் இருந்த முனிராவின் விரல் அசையவில்லை. "அன்னிக்கு என்ன சொல்லு?" என்று கேட்டாள்.

"மாலினா. முள்ளுப் புதர்ல செவப்பாக் காய்க்குமே, அந்தப் பழம். பட்டாளத்துக்கு வெக்கற சொல்லா அது?"

கிளம்பும்போதே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், ஹம்தியா மட்டும் சிரிக்கவில்லை என்றான் ரிஃபெத்.

முனிரா சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கல்லுல அவர் பேரை வெட்டச் சொல்லுங்க, சுல்ஃபோண்ணே. அவர் உங்ககிட்டதான் ஏறி வந்தார்."

"என்கிட்டயா? அப்ப சொல்லை ஏன் சொல்லல?" என்றான் சுல்ஃபோ.

"'ம'வுல ஆரம்பிக்கற சொல்லுன்னா அவருக்கு உதடு ஒட்டிக்கும், தொடையில தட்டித் தட்டிப் பார்த்தாலும் வராது, என் பேரைக்கூட ஒருநாளும் கூப்பிட்டதில்ல."