முப்பத்தொரு படி

நீதிமன்ற வாசலில் முப்பத்தொரு படி. டெல்பர்ட் கைத்தடி இல்லாமல் விடுவிடுவென ஏறிப்போய், உச்சியில் திரும்பி நின்றார். பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அரசு வக்கீல் விட்கமை ஏளனமாக ஒரு பார்வை பார்த்தார்.

"அறுபத்தாறு வயசு எனக்கு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுன்னு டாக்டரே கை விரிச்ச கேஸு. எப்படி ஏறுனேன் பாத்தீங்கல்ல, வக்கீல் சார்?"

"உங்க முட்டி கோர்ட்ல சாட்சி சொல்லாது, பெரியவரே."

"சட்டத்துக்குத்தான் கண்ணு இல்ல. உங்களுக்குமா?"

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துச் சட்டம் அப்படி. கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையான ஹெம்ப் செடியிலிருந்து எடுக்கிற, வலிக்குக் குடிக்கிற சி.பி.டி. எண்ணெயை, ஆற்றுக்கு அந்தக் கரையில், பக்கத்து மாநிலமான ஆரிகனில், கடைத்தெருவில் வைத்துக் கூவி விற்கலாம். பாலத்தைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தால், அதில் போதைச்சத்து இம்மியளவு ஒட்டியிருந்தாலும் விற்றவன் கம்பி எண்ண வேண்டும். ஆறு ஒன்று, நியாயம் இரண்டு.

அந்த நியாயத்தில் மாட்டிக்கொண்டவன் ராய்ஸ். மாட்டுத் தீவனக் கடைக்காரன். கடையின் பின்கட்டில் பச்சை இலைப் படம் ஒட்டிய சின்ன பாட்டில்களை ரகசியமாக விற்று வந்தான்.

டெல்பர்ட்டுக்கு அவன்தான் தெய்வம். இன்னும் இரண்டு வாரத்தில் மகள் மார்லிஸுக்குக் கல்யாணம். தடி ஊன்றாமல் அவள் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் நடத்திக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ராய்ஸ் உள்ளே போனால் எண்ணெய் நின்றுவிடும், ஆசையும் அதோடு சரி.

"ஆரிகன்லயே போய் வாங்கித் தொலைக்கலாமே?" என்று நீதிமன்றக் கூடத்தில் கிசுகிசுத்தாள் பக்கத்து இருக்கை ஓபல். தெருமுனைச் சாப்பாட்டுக் கடை அவளுடையது.

"அதையும் வாங்கிப் பாத்தாச்சு. ஒரே கசப்பு, வைக்கோல் நாத்தம். ஒரு மண்ணும் கேக்கல. ராய்ஸ் சரக்கு சுத்தம். வாயில ஊத்துனதே தெரியாது."

விட்கம் கால் மணி நேரம் முழங்கினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடும்பப் பெண்கள், மாநிலத்தின் மானம் என்று ஒன்றையும் விடவில்லை. தீவனக் கடை பாட்டிலால் எல்லாம் கப்பலேறப் போகிறதாம்.

"வேலை செய்யுதுன்னு ஊரே சொல்லுதும்மா," என்றான் நீதிபதி அம்மாளிடம். "வேலை செய்யுதுன்னா உள்ள சரக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?"

டெல்பர்ட் எழுந்தே விட்டார். "சத்தியமா வேலை செய்யுது. நானே சாட்சி."

ராய்ஸின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆதரவாளர் வாயாலேயே கட்சிக்காரனுக்குக் கயிறு திரித்தால் யார்தான் என்ன செய்வது? ராய்ஸ் மட்டும் பதறவில்லை. நகத்து அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க," என்றார் நீதிபதி. "ஆய்வுக்கூட அறிக்கை எங்கே?"

விட்கமின் சுருதி இறங்கியது. "காலையிலதாம்மா வந்துது. அது இப்ப அவசியமில்லன்னு..."

"எனக்கு அவசியம். படிங்க."

"போதைச்சத்து, இல்லை," என்று படித்தான். கூடம் கைதட்டியது. டெல்பர்ட் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"சி.பி.டி., இல்லை." கைதட்டல் பாதியாய்த் தேய்ந்தது.

"ஹெம்ப் செடி சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை. சோயா எண்ணெய். கொஞ்சம் பச்சைச் சாயம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சமையல் எண்ணெயா?"

"ஆமாம்மா."

"நான் வெங்காயம் பொரிக்கிறதும் அதுலதான்," என்றாள் ஓபல், யாரும் கேட்காமலே.

வழக்கு தள்ளுபடி. போதைப்பொருள் விற்றதாகத்தான் குற்றச்சாட்டு. சமையல் எண்ணெய் விற்க இந்த மாநிலத்தில் தடை கிடையாது. ஏமாந்தவர்கள் தனியாகப் புகார் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுந்து போனார்.

விட்கம் பேனாவைத் திறந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "தடை பண்ண சரக்குன்னு தெரிஞ்சேதான் வாங்குனேன்னு முதல்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். யார் வரீங்க?"

ஊரே ஒன்றுகூடிக் கூரை உத்தரத்தை ஆராய்ந்தது. உண்மையான எண்ணெய் விற்றிருந்தால் ராய்ஸுக்குச் சிறை. பொய் எண்ணெய் விற்றதால் விடுதலை. என்ன சட்டமோ, என்ன ஊரோ.

வெளியே வந்த டெல்பர்ட் முதல் படியில் காலை வைத்தார். வலது முட்டி சுளீரென்றது. இரண்டாவது படியில் இடது முட்டியும் சேர்ந்துகொண்டது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"ஏறும்போது குதிரையாட்டம் ஏறுனீங்களே, இப்ப என்ன?" என்றாள் ஓபல்.

அவர் குனிந்து பார்த்தார். கீழே இருபத்தொன்பது படிகள் இருந்தன. தேவாலயத்து நடை அதைவிட நீளம்.

ராய்ஸ் சீட்டியடித்துக்கொண்டே பக்கத்தில் இறங்கினான். டெல்பர்ட் எட்டி அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். முகம் செவசெவ என்று சிவந்திருந்தது. இறங்கிக்கொண்டிருந்த ஊர் அப்படியே நின்றது. ராய்ஸ் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"அண்ணே, அடிச்சிராதீங்கண்ணே."

டெல்பர்ட் அவனை இழுத்து, காதோடு காதாகச் சொன்னார்:

"கல்யாணம் முடியற வரைக்கும் எனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வைடா."