பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்திரண்டு

காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் சென்டரின் மாடியறையில் ஏசி முனகிக்கொண்டிருக்கிறது. மூன்று எண்களில் பெரியது எது என்று சொல்லும் புரோகிராமைக் கோகிலவாணி எழுதி முடித்துவிட்டாள். பத்து, இருபது, முப்பது என்று கொடுத்தால், முப்பது என்கிறது. கிருபாசங்கர் சார் தலையாட்டி, அதைப் பதிந்த அவளுடைய பிளாப்பியையும் வாங்கி மற்றவர்களுடையதோடு அடுக்கிவிட்டார். வெளியே எல்லோரும் செருப்பு மாட்டுகிற சத்தம். எழப்போனவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. திரையில் இன்னும் இருக்கும் புரோகிராமில் தன் வயதைத் தட்டுகிறாள், பத்தொன்பது. பிறகு இரட்டைப் பிள்ளைகளான தன் அண்ணன்மார் வயதை, இருபத்திரண்டு, இருபத்திரண்டு. பதிலே இல்லை. தப்பு என்றுகூடத் திட்டவில்லை. கறுப்புத் திரையில் பச்சைக் கோடு மட்டும் மினுக்கி மினுக்கி நிற்கிறது, வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டவரைப் போல.

“ஏனுங்க சார், இது பேச மாட்டேங்குதுங்க.” விளக்கை அணைக்கப் போன சார் எட்டிப் பார்க்கிறார். “அதான் சரின்னு வாங்கி வெச்சாச்சே அம்மணி. ஒரே நம்பரை ரெண்டு தடவை யாரு குடுத்துப் பாக்கறாங்க?” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்கூட்டுல ரெண்டு பேரு அப்படித்தானுங்க இருக்காங்க.” தூரத்தில் மில் சங்கு ஊதுகிறது. அவிநாசி பஸ் கிளம்பும் நேரம், அடுத்ததில் போனால் அம்மாவிடம் ஏச்சு நிச்சயம். சாரின் விரல் சுவிட்சிலேயே நிற்கிறது. அவள் நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டுகிறாள். “என்ற பிளாப்பியத் திருப்பிக் குடுங்க சார். நான் இன்னும் முடிக்கலைங்க.”