குரல் போனால் போகட்டும்

"அந்தக் கையில வேண்டாம் சிஸ்டர். இடது கையில போடுங்க."

ஊசியோடு குனிந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "ஊசி குத்திக்கப் போறது அவங்க. நீங்க ஏன் சார் இப்படி நடுங்குறீங்க?"

"வலது கை ஏற்கெனவே மரத்துக் கிடக்குது. அதை விட்டுடுங்களேன், பாவம்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே இடது கையில் ஊசியைப் பொருத்திவிட்டுப் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி அவரை முறைத்து ஏதோ சொன்னாள். அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். காலை வெயில் அவள்மேல் விழுந்தது.

"இப்ப சொல்லு. என்ன?"

"ஒண்ணுமில்ல. திட்டினேன்."

"அதுக்கா எழுந்து வந்தேன்!"

இருவரும் சேர்ந்து செல்போன் ரிப்பேர் கடை நடத்துகிறார்கள். வருகிறவர்களிடம் வாயடிப்பது அவர் வேலை. உள்ளே பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, தலைமுடி மாதிரியான கம்பிகளைப் பற்றவைப்பது அவள் வேலை. வருடக்கணக்கில் குனிந்த கழுத்து. எலும்புகளுக்கு நடுவிலிருந்த சவ்வு ஒன்று பிதுங்கி, வலது கைக்குப் போகும் நரம்பை நசுக்கிவிட்டது. முதலில் தோளிலிருந்து விரல்வரை ஷாக் அடித்தது மாதிரி வலி. பிறகு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. கொஞ்ச நாளாக அவள் பேச்சும் குழற ஆரம்பித்திருந்தது.

"முந்தாநாள் உப்பு கேட்டேன். சோப்பைக் கொண்டுவந்து நீட்டுறீங்க."

"நீ சொன்னது எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது."

"நான் பாக்காம குழம்புல போட்டிருந்தா?"

"வயிறு வெளுத்திருக்கும். நல்லதுதானே."

அவள் சிரித்தாள். கழுத்தில் வலி சுண்டியிழுக்க, முகம் பாதியில் சுருங்கியது. அவர் தலையணையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.

அப்போதுதான் பணிக்கு வந்த இளம் டாக்டர் உள்ளே நுழைந்தார். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தார்.

"கழுத்துல முன்பக்கமா சின்னதா கீறி, அந்தச் சவ்வை எடுத்துடுவோம். அந்த இடத்துல ஒரு எலும்புத் துண்டை வெச்சு, மேல இருக்கற எலும்பையும் கீழ இருக்கறதையும் தகடு போட்டு இணைச்சுடுவோம். போகப்போக ரெண்டும் ஒரே எலும்பாயிடும். குரலுக்கான நரம்பு பக்கத்துலயே போகுது. அதனால கொஞ்ச நாளைக்குக் குரல் கம்மலாம். அபூர்வமா சிலருக்கு அப்படியே நின்னுடும். அதுக்கு நீங்க மனசைத் தயார்படுத்திக்கணும்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் ஜோக் சொல்லல சார்," என்றார் டாக்டர்.

"மன்னிச்சுக்குங்க. குரல் போனா போகட்டும் டாக்டர். கை வந்துடுமா?"

"வலி உடனே குறையும். மரத்துப்போன விரல் பெரும்பாலும் திரும்பிடும். ஆனா உறுதியா சொல்ல முடியாது. இப்படியே விட்டா கை மொத்தமா பலவீனமாயிடும்."

டாக்டர் வெளியே போனார்.

"கை வரலைன்னா?" என்றாள் அவள்.

"வரும்."

"வரலைன்னா கடையில யாரு வேலை பாக்கறது? நீங்க திருப்புளியைத் தொட்டா, ஒரு போனுக்கு ரெண்டு போனா வாங்கித் தரணும்."

"கடை கிடக்குது விடு. இழுத்து மூடிட்டா போச்சு."

"மூடிட்டு?"

"நீ திட்டிட்டே இரு. நான் கேட்டுட்டே இருக்கேன்."

நிஜமாகவே அவர் கடையை நினைத்துப் பயப்படவில்லை.

அவள் ஏதோ சொன்னாள். பாதியில் குழறிப்போயிற்று. "என்ன?" என்று கிட்டே வந்தார். திரும்பச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கழுத்து இடம் கொடுக்காததால், கண்களை மட்டும் மூடிக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது.

அறுவை அரங்குக்கு வெளியே அவர் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பி வந்தார். கடைசியில் கதவு திறந்தது. பெரிய டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"நல்லபடியா முடிஞ்சுது. முழிச்சுட்டாங்க. போய்ப் பாருங்க."

உள்ளே வேறொரு நர்ஸ் இருந்தாள். "தொண்டை புண்ணா இருக்கும் சார். பேச்சுக் கொடுக்காதீங்க," என்றாள்.

"சரிம்மா."

மோவாய்வரை பட்டை போட்டு நிமிர்த்தி வைத்திருந்த தலையோடு அவள் கிடந்தாள். அவர் காலடியில் போய் நின்றார். கேட்கப் பயமாக இருந்தது. அவள் மெதுவாகக் கண்களை உருட்டி, அவரை மேலிருந்து கீழ்வரை அளந்தாள்.

"சட்டைப் பொத்தானை ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கீங்க. இந்தக் கோலத்துலயா இவ்வளவு நேரம் வெளிய நின்னீங்க?"

ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்தது. அவர் பொத்தானைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதுவிட்டார்.

நர்ஸ் ஓடி வந்தாள். "என்ன சார், என்ன ஆச்சு?"

"என்னைத் திட்டுறாம்மா," என்றார் அவர்.

"திட்டுறாங்களா? சத்தமே கேக்கலையே!" என்று திரும்பிப் பார்த்தாள் நர்ஸ். பிறந்ததிலிருந்து வாயால் ஒரு சொல்கூடப் பேசியறியாத அவர் மனைவி, போர்வைக்கு வெளியே எடுத்த வலது கையின் ஐந்து விரல்களாலும், ஓர் எழுத்துகூடக் குழறாமல், அடுத்த திட்டைத் தொடங்கியிருந்தாள்.